கால் மில்லிமீற்றர்

கலியாணக் காற்சட்டைக்கு அளவெடுக்கேக்கதான்
எனக்குத் தெரிஞ்சது:
இடது கால் ரெண்டு விரற்கடை கட்டை.
முழங்காலுக்குக் கீழே
வெளிப்பக்கமாய் ஒரு வளைவு.
றெஜினோல்ட் சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டார்.
நான் ஒண்டும் கேக்கேல்லை.
இடப்பக்க மடிப்பைக் கூட்டித் தைச்சன்.
கோயில் வாசலில் ஒருத்தருக்கும் விளங்கேல்லை.

பதினேழு வயசில், வள்ளம் கரைக்கு இழுக்கேக்க
உருளைக்கட்டை ஏறி முறிஞ்சதாம்.
பாதை பூட்டியிருந்த காலம்.
பலகைத்துண்டு வைச்சுக் கட்டி விட்டிருக்கினம்.
எலும்புக்கு ஒட்டத் தெரியும்,
நேராய் ஒட்ட ஆரும் பிடிச்சுக் குடுக்கவேணும்.

பதினொரு வருசம். ஏழு காற்சட்டை.
பேந்து முழங்கால் நோகத் துவங்கிச்சு,
அதுக்குப் பிறகு இடுப்பு.

பெரியாஸ்பத்திரிக் கிளினிக்கில்
டொக்டர் எக்ஸ்ரேயில் பென்சிலால் ரெண்டு கோடு போட்டார்.
கோடுகள் முட்டின இடத்தைத் தொட்டு,
"நிமித்திறதெண்டால் இதில திரும்ப முறிக்கவேணும்."
இவர் சிரிச்சார்:
"முதல்தரம் நாள் பார்க்காமல் முறிஞ்சது, டொக்டர்."

நாலு இரும்பு வளையம், குறுக்கும் நெடுக்கும் கம்பி.
நண்டுக்குக் கூடு வைக்கிற மனிசன்
தன்ர காலைக் கூட்டுக்குள்ள பார்த்துக்கொண்டு கிடந்தார்.

மிஸி சாவியை என்ர கையில் தந்தா.
ஒருதரம் திருப்பினால் கால் மில்லிமீற்றர்.
நாளுக்கு நாலுதரம்.
அவசரப்பட்டால் இடைவெளியில் எலும்பு ஊறாது,
பிந்தினால் முந்தி ஒட்டிப்போடும்.
என்ர அளவுநாடாவில் அப்பிடியொரு கோடு இல்லை.

பாசையூரில் திருந்தாதி மணி மூண்டுதரம் அடிக்கும்.
நாலாவதுக்குப் போனில் அலாரம் வைச்சன்.
உப்புத்தண்ணி கொதிக்கவைச்சு ஆற்றி
கம்பி இறங்கின துளையெல்லாம் துடைச்சன்.
அவர் பல்லைக் கடிச்சுக்கொண்டு
கூரையின்ர ஓட்டை எண்ணுவார்.

பத்தொன்பதாம் நாள் விடிய,
நட்டில் நான் கியூற்றெக்ஸால் வைச்ச சிவப்புப் புள்ளி,
சுவரைப் பார்க்கவேண்டியது,
கதவைப் பார்த்துக்கொண்டு நிண்டது.
"எத்தினை தரம்?"
"ரெண்டு."
"ஏன்?"
"நண்டுக்காலம் துவங்கப்போகுது."
விரலெல்லாம் விறைச்சுக் கிடந்தது.
மிஸி போனில் சொல்லச் சொல்ல
ரெண்டு முகம் பின்னுக்குத் திருப்பினன்.
அண்டைக்கு நாங்கள் கதைக்கேல்லை.
பன்ரெண்டு மணி அடிக்க மட்டும்
தானாய்க் காலை நீட்டினார்.

அடுத்த படத்தில்
முறிச்ச ரெண்டு நுனிக்கும் நடுவில் ஏதோ புகை.
அழுக்காக்கும் எண்டு நினைச்சன்.
"அதுதான் புது எலும்பு," எண்டார் டொக்டர்.

ஏழாம் மாசம் வளையம் கழட்டிச்சினம்.
நேராய் நிண்டார்.
நடக்கச் சொன்னால்,
ஆஸ்பத்திரியின்ர வழுவழுத்த நிலத்தில்
இல்லாத பள்ளத்துக்கு இறங்கி இறங்கி வந்தது இடது கால்.
"நிலம்தான் சரிவு," எண்டார்.
பழக இன்னும் ரெண்டு மாசம் போச்சு.

இண்டைக்கு ஏழு காற்சட்டையையும் எடுத்து
இடப்பக்க மடிப்பைப் பிரிக்கிறன்.
வெளியில இருந்ததெல்லாம் வெளிறிப்போச்சு.
உள்ளுக்குக் கிடந்த ரெண்டு விரற்கடை மட்டும்
வாங்கின அண்டைய நீலம்.
தோய்ச்சும் போகேல்லை, அயன் பண்ணியும் போகேல்லை.

"ஆக்களுக்குத் தெரியுமோ?" எண்டு கேட்டார்.
"ஓம், தெரியும்."
ஞாயிறு பூசைக்கு
அதைத்தான் போட்டுக்கொண்டு வந்தார்.