இன்று எழவில்லை

நாற்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றோம்.
பேரேட்டு லாமா ஷாரவ்
மையைத் தொட்டுக்கொண்டு ஒவ்வொருவராய்க் கேட்டார்:
உன் வேலை என்ன?

லொதோய் கயிற்றுக்காரன். சொன்னான்.
எழுதிய கையோடு அடித்துவிட்டு
‘மணி’ என்று போட்டார்.
மணிக்கும் கயிறு உண்டுதானே, போ.
கூரைக்கழி எண்பத்தொன்றையும்
இருட்டில் தடவியே வரிசைப்படுத்துவான் தம்பா.
அவனுக்கு விறகு.
கம்பளிச் சுவர் சுருட்டும் ஆறு பேருக்கும்
ஆளுக்கொரு துடைப்பம்.

என் முறை.
‘ஐயனை ஒட்டகத்தில் ஏற்றுகிறவன்.
இறக்குகிறவனும் நானே.’
தூரிகையில் மை காய்ந்தது. மறுபடி தொட்டார்.
‘இனி அவர் ஏறப்போவதில்லையே, சந்துய்.’

தெரியும்.
மரம் வடக்கிலிருந்து வந்தது.
ஆணிகள் தெற்கிலிருந்து, மூட்டை மூட்டையாய்;
கூடவே எங்கள் பேச்சு புரியாத தச்சர்கள்.
மூன்று கோடை.
கடைசி நாள் பிசினும் சுண்ணாம்பும் குழைத்து
அவர் அடிப்பாகத்தைப் பீடத்தோடு ஒட்டினார்கள்.
உற்சவராகவே இருந்தவர்
ஒரு பகலில் மூலவரானார்.
நான் வெளியே நின்று
ஒட்டகத்தின் மூக்கணாங்கயிறைப் பிடித்திருந்தேன்,
பழக்கத்தில்.

பதினெட்டு வருஷம். முப்பத்தொரு பெயர்ச்சி.
அவர் எடையை என் இடது தோள் அறியும்.
கனம் நடுவில் இல்லை,
வலது முழங்கால் பக்கம் ஒரு விரற்கடை சாய்வு.
வார்த்தவன் கை அங்கே சற்றுத் தாராளமாகியிருக்கிறது.
விழுந்து கும்பிடுகிறவர்களுக்கு இது தெரியாது.

தூக்குமுன் காதருகே சொல்வேன்:
‘ஐயா, எழுகிறோம். பிடித்துக்கொள்ளுங்கள்.’
யாரும் சொல்லித்தந்ததில்லை.
ஒருமுறை மறந்தேன்.
ஓர்ஹோன் ஆற்றில் பனிக்கட்டி பிளந்தது,
ஒட்டகம் முன்னங்கால் மடிந்தது.
அவருக்குக் கீறலில்லை.
எனக்கு இரண்டு விரல் போயிற்று.
பிறகு மறக்கவில்லை.

எனக்குச் சாவி கொடுத்தார்கள். ஏழு.
இதுவரை நமக்குப் பூட்டு இருந்ததில்லை,
நாய் இருந்தது.

முன்பு நாங்கள் போவோம்.
ஆடு குட்டிபோடுகிற நேரம், அடிதடி நேரம்,
சாவு வீட்டில் அடுப்பு எரியாத நேரம்,
எப்போது போய் இறங்கினாலும் நடுவில் போய்த்தான் இறங்குவோம்.
இப்போது அவர்கள் வருகிறார்கள்,
முகம் கழுவி, நீலப் பட்டு மடித்து.
என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்:
குதிரையை எங்கே கட்டுவது?

மேற்கே பன்னிரண்டு நாள் தூரத்திலிருந்து
துலாம்சுரென் வந்தாள்.
மூன்று வருஷத்துக்கொரு இலையுதிர் காலத்தில்
அவள் கிணற்றருகே கூடாரம் அடித்த நாளுண்டு.
‘இந்த வருஷம் ஏன் வரவில்லை?’
என்னிடமல்ல, அவரிடம்.
நான் விளக்கைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்,
வலது முழங்கால் தெரியும்படி.

வசந்தம் வந்ததும்
முடி உதிர்ந்து கந்தலாய்த் தொங்க
ஒட்டகம் தானே வந்து
கோயில் படிக்கட்டில் மண்டியிட்டது.
அடித்தும் எழவில்லை. உப்பு காட்டியும் எழவில்லை.
முதுகில் பாரம் ஏறினால்தான் எழுமாம்.
ஒரு தண்ணீர்த்தோலை நிரப்பி வைத்தேன்.
எழுந்தது.
அன்றிலிருந்து பூஜைக்கு அதுதான் தண்ணீர் சுமக்கிறது,
ஆறு வரை போய், திரும்ப.
மூன்றாம் நாள் மட்டும்
பழைய கணவாய்ப் பக்கம் தலை திருப்பியது.
இழுத்தேன். நானும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரேட்டில் இல்லாத வேலை ஒன்று செய்கிறேன்.
விடியலில் பூட்டைத் திறந்ததும்,
விளக்கேற்றுகிறவர்கள் வருமுன்
இடது காதருகே குனிகிறேன்.
‘ஐயா, இன்று எழவில்லை.’
தோள் தானாகத் தாழ்கிறது.
காற்று பலத்த நாளில்
உத்தரங்கள் கயிறுபோல முனகும்.
அன்றைக்கு மட்டும் கூடுதலாய் ஒரு சொல்,
பிடித்துக்கொள்ளுங்கள்.
முடிப்பதற்குள் லொதோய் மணியை இழுத்துவிடுகிறான்,
கூடாரம் பிரிக்கிற வேகத்தில்.