விலக்குப் பட்டியல்

திரையில் பிறக்கக்கூடிய வண்ணங்கள்
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்துச் சொச்சம்.
பெல்ஃபாஸ்டில் அவ்வளவும் செல்லாது.

கோடை முகாமுக்கு நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள்,
மதிலுக்கு அந்தப் பக்கம் பாதி, இந்தப் பக்கம் பாதி.
ஆளுக்கொரு அட்டை, அட்டைக்கொரு நிறம்.
யார் கையும் படக்கூடாது,
கணினியே குலுக்கிப் போடட்டும் என்றது குழு.

டெர்வ்லா எழுதிய நிரல் நாலே வரி.
முதல் குலுக்கலில் பச்சை வந்தது.
பின்னாலேயே தொலைபேசி வந்தது.

பச்சையை நீக்கினாள்.
சரிக்குச் சரியாக ஆரஞ்சை நீக்கினாள்.
நீலம் ஒரு கால்பந்து அணி என்றார்கள்.
சிவப்பு ஒரு கொடியில் பங்காளி.
வெள்ளையைப் பற்றி
இரண்டு மணி நேரம் பேசி, தேநீர் ஆறி,
அதுவும் போயிற்று.

வேண்டாதது வந்தால் மறுபடி குலுக்கு.
மறுபடி.
மறுபடி.
அரிசியில் கல் பொறுக்கியது போய்
கல்லில் அரிசி பொறுக்கத் தொடங்கியது எந்திரம்.

அழித்துவிட்டு வேறுமாதிரி யோசித்தாள்.
வண்ணச் சக்கரத்தை வெட்டி
ஆகாத துண்டுகளை எறிந்து
மிஞ்சியதை ஒட்டி
அதற்குள் மட்டும் குலுக்கினாள்.

பழுப்பு என்று தனியாக ஒரு நிறமே இல்லை,
இருட்டில் நிற்கும் ஆரஞ்சுதான் அது என்று
அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.
இருட்டில்தானே நிற்கிறது,
நிற்கட்டும் என்று விட்டாள்.

சரிபார்க்க வந்த ஐவர் ஆறாம் வரியில் நின்றான்.
வெளிறிய கடல்நுரை நிறம், அதன் அக்கம்பக்கம் எல்லாம்
விலக்கு.
"இதை யார் கேட்டது?"
"யாரும் கேட்கவில்லை. வார்டில் திரைச்சீலை
அந்த நிறம்.
பதினேழு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் காலை
ஏழாம் வரி ஒன்று இருந்தது,
ஒரு குறிப்பிட்ட மஞ்சள், விளக்கம் இல்லாமல்.
அவளும் கேட்கவில்லை.
இன்னும் எத்தனையோ லட்சம் மிச்சம் இருந்தன.

முகாமன்று மழை.
நூறு அட்டை தாண்டியதும்
அச்சுப்பொறியில் கறுப்பு மை தீர்ந்தது.
இருட்டு போனதும்
பழுப்பு அட்டைகள் மூன்று
பளீரென்று ஆரஞ்சாக வெளியே வந்தன.

குழுவினர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வதற்குள்
ஃபியக்ரா என்ற பொடியன் ஒன்றை இழுத்துக்கொண்டு ஓடி
அதன் மூலையால்
காலணிச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தான்.