பெண்கள் பக்கம்

ஒரு யூரோ நாணயத்தைத் தட்டில் வைத்தால்
டிக்கெட்காரர் தலை நிமிராமலே கை காட்டுவார்:
பெண்கள் அந்தப் பக்கம், ஆண்கள் இந்தப் பக்கம்.
நடுவில் வெள்ளைச் சுவர்.
கடலுக்குள்ளும் கொஞ்ச தூரம் இறங்கி
அப்புறம் அலுத்துப்போய் நின்றுவிட்ட சுவர்.
திரியெஸ்தேயில் அதைக் கேலி செய்யாதவர் கிடையாது.
இடிக்கலாமா என்று பேச்செடுத்தால் மட்டும்
சண்டைக்கு வருவார்கள்.
நானும்தான்.

இங்கே வயிற்றை உள்ளிழுக்க வேண்டாம்.
மேலாடையை உருவிப் போட்டுக் குப்புறப் படுத்தால்
கூழாங்கல் ஒவ்வொன்றும் விலாவில் கையெழுத்துப் போடும்.
பக்கத்துத் துண்டில் மருந்துக்கடை ஃபுல்வியா
தன் விவாகரத்தை விவரித்தபடி
பீச் பழம் நறுக்குகிறாள்.
கதை நீதிபதி வரைக்கும் வந்தால்
எனக்கு ஒரு கீற்று வரும்.

ஜூலை மாதம்.
பல் டாக்டர் விடுமுறை எடுக்காததால்
எனக்கும் விடுமுறை இல்லை.
எட்டிலிருந்து இரண்டு மணி வரை
வலிக்கிறவர்களுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கிறேன்.
எவ்வளவு வலி என்று கேட்டால்
ஆண்கள் பரவாயில்லை என்பார்கள்;
பெண்கள் என்றைக்கு ஆரம்பித்தது என்று தேதி சொல்வார்கள்.

யெர்னெய் அப்படி வந்தவன்தான். கடைவாய்ப் பல்.
வீங்கிய கன்னத்தோடு
என் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டான்.
நீவெஸ் என்றால் பனி, என்றேன்.
முப்பத்தாறு டிகிரி வெயிலில்
பாதி வாயால் சிரித்தான்.

இதுவரை நான்கு தடவை வெளியே போயிருக்கிறோம்.
முதல் தடவை காபி, சின்னக் கண்ணாடித் தம்ளரில்,
நின்றபடியே, நாலே நிமிடம்.
அடுத்தது பொரித்த நெத்திலி.
முள்ளையெல்லாம் தட்டின் ஓரம்
சீப்புப் பல்லாக அடுக்கி வைத்தான்.
பிறகு கார்ஸ்ட் மேட்டில் அவன் ஊர்;
வாசலில் இலைக்கொத்து தொங்கினால்
உள்ளே ஒயின் உண்டு என்று அர்த்தம்.
அவித்த முட்டை, உப்புக்கண்டம்.
அவன் தன் மொழியில் ஏதோ கேட்டான், ரொட்டி வந்தது.
பஸ்ஸில் யாராவது அந்த மொழி பேசினால்
முன்பெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.
இப்போது ஒரு சொல் தெரியும்:
க்ரூஹ். ரொட்டி.
நான்காம் தடவை மழை.
அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

இது காதல்தானா, இல்லை
ஒருவன் நிதானமாகச் சாப்பிடுவதைப்
பார்த்துக்கொண்டே இருக்கும் ஆசையா?

இன்றைக்கு ஐந்தாவது. யோசனை என்னுடையது.
நீ அந்தப் பக்கம் இறங்கு, நான் இந்தப் பக்கம்,
சுவர் முடிகிற இடத்தில் பார்ப்போம்.

நீந்திப் போய்க் காத்திருந்தேன்.
மதில் மேல் பூனை இல்லை, ஒரு கடற்காகம்.
இரண்டு பக்கமும் பார்த்தது,
இரண்டு பக்கமும் எச்சமிட்டது.
ஐந்து நிமிடம்.
பத்து.
மனசு பழைய கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது:
போன வருடத்தவன் பதில் போடாமல் போனவன்,
அதற்கு முந்தையவன்
பதில் போட்டுக்கொண்டே போனவன்.

அப்போது சுவரின் முனையில் ஒரு கை.
வெறும் கை. நாலு விரல் சிமெண்டைக் கவ்வியிருந்தது.
பிறகு ஒரு காது.
பிறகு, தண்ணீர் தொடாதபடி உயர்த்திப் பிடித்த மோவாய்.
அடிக்கு அடி சுவரைத் தடவியே
நடந்து வந்திருக்கிறான்.

நீச்சல் தெரியாது, என்றான்.
பயமா?
ரொம்ப.

இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன்.
விரல் நுனியெல்லாம் உலர் திராட்சை.
இரண்டு டிக்கெட்டும் செல்லாத அந்த இடத்தில்
ஒரு முத்தம்.
சன்ஸ்க்ரீன் கசந்தது.

கரைக்கு வந்தால் ஃபுல்வியா நீதிபதியைத் தாண்டியிருந்தாள்.
எனக்கென்று வைத்த கீற்றில் எறும்பு.
ஊதிவிட்டுத் தின்றேன்.

ராத்திரி விளக்குப் போடாமல்
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்று
நேற்றைய அரிசி சாலட்டை
டப்பாவோடு சாப்பிடுகிறேன். முழங்கையில் இன்னும் உப்பு.
வியாழன் பன்னிரண்டரை, யெர்னெய், பல் அடைக்க:
பதிவேட்டில் இருப்பது என் கையெழுத்து.
அதற்குள் அவனுக்கு மிதக்கவாவது சொல்லித்தர வேண்டும்.
சுவரின் எந்தப் பக்கம் வைத்து
என்பதுதான் புரியவில்லை.