இருபத்தொன்பது இஞ்ச்

ரூவியில் எங்கள் அறைக்கு நான்கு கட்டில்.
இப்போது சுவரில் சாய்ந்து இரண்டு சக்கரம்.

"இருபத்தாறு போதாதா?" என்றான் நிஸ்தார்,
கால் நீட்ட இடமில்லாமல்.
போதாது.
வாதிக் கற்கள்
சின்னச் சக்கரத்தை மதிப்பதில்லை.

பிரேம் ஒரு பிலிப்பினோவிடம்,
கீறலோடு பதினெட்டு ரியால்.
போர்க் சோஹாரிலிருந்து, மீன் வண்டியில்;
வாடை இன்னும் போகவில்லை.
செயின் மட்டும் புதுசு.
நைட் ஷிப்ட் முடிந்து வந்து
ஸ்போக்குகளைச் சுண்டிச் சுண்டி முறுக்கினேன்.
ஒன்று இன்னும் சுருதி சேரவில்லை.

வெள்ளிக்கிழமை, வெயில் ஏறுமுன்,
அமராத் தாண்டி.
முதல் பள்ளம்: உருண்டது.
அடுத்ததும் உருண்டது.
மூன்றாவதில்
நான் மட்டும் உருண்டேன்.

முழங்கையில் ரத்தம்.
ஓர் ஆடு மெல்வதை நிறுத்திப் பார்த்தது.
தலைகீழாய்க் கிடந்த வண்டியில்
பின்சக்கரம் நிற்கவேயில்லை,
துளி ஆட்டமில்லாமல்.

சீட்டை ஒரு விரல் இறக்க வேண்டும்.
நிஸ்தாரிடம்
ஆட்டைப் பற்றி மட்டும் சொல்லலாம்.