முட்டை உடைக்கும் முன்

மாவில் முட்டை உடைக்கும் முன்
ஒரு ஈடு சுட்டெடுக்க வேண்டும்.
எங்கள் வீட்டுச் சட்டம் அது.
தெருவில் பதினோரு வீட்டில் முட்டை சேராது.
நட்சத்திரம் தொங்கும் வாசல்
எங்களுடையது ஒன்றுதான்.

தேங்காய்ப்பால், அரிசி மாவு, சீனி,
கொஞ்சம் எள்.
அச்சு காய்ந்திருக்க வேண்டும்,
முக்கால்தான் முங்க வேண்டும்.
எப்படிச் செய்தாலும்
முதல் முறுக்கு அச்சை விட்டு வராது.
கத்தியால் சுரண்டி
லிகோரியின் வாயில் போட்டேன்.
குடிலுக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்தான்,
உடைந்த ஆத்தங்குடிக் கற்களால்.
"பாலனுக்குக் குளிராதாம்மா?"
"வைக்கோலைப் போடு."
"வைக்கோல் போட்டால் பூ தெரியாதே."

வீட்டுக்கு ஆறு.
பத்து வீட்டுக்கு அறுபது.
இந்த வருஷம் பத்துதான்
என்று முடிவெடுத்திருந்தேன்.

அலமாரியில் இருந்தது
உமையாள் வீட்டுத் தூக்கு.
பித்தளை. கழுத்தில் நா.சி.உ. என்று வெட்டியிருக்கும்.
தீபாவளிக் காலையில்
கல்கண்டு வடையோடு வந்தது.
சுடச்சுட நாலு தின்றேன், மறைக்கவில்லை.
மத்தியானம் எங்கள் குழாய்த் தண்ணீர்
அவள் சுவரில் இறங்குகிறது என்றாள்.
நான் ஒன்று சொன்னேன்.
அவள் ரெண்டு சொன்னாள்.
சாயங்காலம் நகராட்சி வரைக்கும் போயிற்று.

வெறும் பாத்திரம் திருப்பக் கூடாது,
ஒரு கை சீனியாவது போட வேண்டும்.
அந்தச் சீனியைப் போட
எனக்குக் கை வரவில்லை.
கேட்டு வாங்க
அவளுக்கு வாய் வரவில்லை.
ரெண்டு மாதம் உட்கார்ந்திருந்தது தூக்கு.
சனிக்கிழமை தோறும்
புளி போட்டுத் தேய்த்தேன்.
யாருக்காக என்று
கணவர் கேட்டார்.
கறுத்துப்போனால் அதற்கும் பேசுவாள் என்றேன்.

ஈடு முடிந்தது.
இடக்கையில் முட்டை,
வலக்கையில் கரண்டி,
தாம்பாளத்தை எண்ணினேன்.
அறுபத்தாறு.
மறுபடி எண்ணினேன்.
எமரன்சியாவை விட்டு எண்ணச் சொன்னேன்.
அறுபத்தாறு.

அரிசி அளந்தபோதே
கை பழைய கணக்கில் அளந்திருக்கிறது.
என்னைக் கேட்கவே இல்லை.

முட்டையைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுத்
தூக்கை எடுத்தேன்.
அலமாரியில் அது இருந்த இடத்தில்
தூசி படியாத ஒரு வட்டம்.
எமரன்சியா கொண்டுபோனாள்.
போன வேகத்தில் வந்தாள்.
"என்னடி சொன்னாங்க?"
"முட்டை போட்டதான்னு கேட்டாங்க."
"நீ?"
"போடலன்னேன். வாங்கிக்கிட்டாங்க."
அவ்வளவுதான்.

ஒன்பது மணிக்குக் கணவர் வந்தார்,
காரைக்குடி டவுன் பஸ்ஸின் கடைசி நடை முடித்து,
தோளில் கண்டக்டர் பை,
கையில் பேக்கரிப் பெட்டி.
கூட்டத்தில் கேக் ஒரு மூலை நசுங்கித்தான் வரும்.
நசுங்காத கேக்கை
என் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.
அடுப்பில் ஆட்டுக்கால்
கல்பாசி வாசத்தோடு
கொதித்துக்கொண்டிருந்தது.
பூசைக்கு முன் தொடக் கூடாது.
உப்புப் பார்க்கிறேன் என்று
மூன்று முறை மூடியைத் திறந்தார்.

நடுராத்திரிப் பூசை முடிந்து
தூங்கும் லிகோரியைத் தோளில் போட்டுத்
தெருவுக்குள் நுழைந்தால்
மணி ஒன்றரை.
எட்டு மணிக்கே விளக்கணைக்கிற
உமையாள் வீட்டு வாசலில்
பல்பு எரிந்துகொண்டிருந்தது.
எங்கள் வாசல்படி வரைக்கும்
வெளிச்சம்.
மறந்திருப்பாள் என்றார் கணவர்.
மின்சாரக் கட்டணத்தை மறக்கிற ஆள் இல்லை அவள்.
சொல்லவில்லை.
இடியாப்பம் பிழியப் போனேன்.

விடிந்து ஏழு மணிக்கு
சுவருக்கு மேலே தலை தெரிந்தது.
"இந்தா, உங்க தண்ணி
இன்னிக்கும் இறங்குது."
"பண்டிகை முடியட்டும், ஆள் வரச் சொல்றேன்."
"இதைத்தான் தீபாவளிக்கும் சொன்னே."
அதே குரல்தான், குறையவில்லை.
ஆனால் வார்த்தைக்கு வார்த்தை
இடையில்
எதுவோ நொறுங்கிக்கொண்டிருந்தது
அவள் வாயில்.