உட்பிரிவு மூன்று

அபர்டீனில் மழை படுக்கைவசமாகப் பெய்கிறது.
டாக்டர் கெடஸ் என் மூன்றாம் அத்தியாயத்தைத் திருப்பித் தருகிறார்.
ஓரமெல்லாம் பென்சில்.
'தெளிவாகவே' வந்த இடமெல்லாம் ஒரு கோடு.
'வழக்கம்' என்ற இடத்தில்: யாருடைய வழக்கம்?

மனிதர் குடியிருக்கவோ
தனக்கென்று பொருளாதார வாழ்வு கொள்ளவோ
இயலாத பாறைக்கு
இருநூறு கடல்மைல் கிடையாது.
பன்னிரண்டோடு சரி.
இந்த ஒரு வாக்கியத்தோடுதான்
ஒன்பது மாதமாகக் குடித்தனம்.

வெளியிலிருந்து வரும் அரிசியும் தண்ணீரும்
கணக்கில் சேரா என்று
நேற்றிரவு இரண்டு மணிக்கு எழுதினேன்,
அக்கா பார்சலில் அனுப்பிய புளிக்காய்ச்சலைச்
சோற்றில் பிசைந்துகொண்டே.
வாடகை பதினைந்தாம் தேதி போகும்.
உதவித்தொகை பதினேழாம் தேதி வரும்.
இடையில் இரண்டு நாள்
நான் பாறை.

'தனக்கென்று' என்பதைச் சுற்றி
அவர் வட்டம் போட்டிருக்கிறார்:
அப்படி வாழும் ஊர் ஏது, இந்த ஊரையும் சேர்த்து?

அடிக்குறிப்பில் போட்டுவிடட்டுமா என்றேன்.
"அங்கே போய் ஒளியாதீர்கள், பொன்மலர்.
மேலே கொண்டுவாருங்கள்."

எதிர்வீட்டுப் புகைபோக்கியில்
ஒரு கடற்காகம் அடைகாக்கிறது,
எந்த உட்பிரிவின்கீழ் என்று தெரியவில்லை.
நாற்பத்தொன்றாம் அடிக்குறிப்பை
வெட்டி மேலே ஒட்டுகிறேன்.
சொல்வரம்பு
முந்நூற்றாறு தாண்டுகிறது.