அமைதி காக்கவும்

டுலூத்தில் ஜனவரி.
புது ரிசீவர் டிவி திரையில் எழுதிக் காட்டியது:
அமைதி காக்கவும்.

ஆர்டிஸ் உட்காரும் இடத்தில், அவள் காது உயரத்துக்கு,
கேமரா முக்காலியில் மைக்கை நிறுத்தினான் லெய்ஃப்.
ஃபிரிட்ஜை அணைத்தார்கள்.
ஹீட்டரை அணைத்துவிட்டுக் கோட்டு மாட்டிக்கொண்டார்கள்.
பூனையைக் குளியலறையில் போட்டு அடைத்தார்கள்.
மூச்சைப் பிடித்தார்கள்.

ஊய்ங், இடது மூலை. ஊய்ங், நடு.
வெளியே பனி வாரும் லாரி போனது.
சத்தம் அதிகம், முதலிலிருந்து வா என்றது பெட்டி.

மறுபடி. பூனை கதவைப் பிறாண்டியது.
மறுபடி. அவள் சிரித்துத் தொலைத்தாள்.

நாலாவதில் மனமிரங்கிக் கணக்குச் சொன்னது:
வலது ஸ்பீக்கர் பதினொன்றரை அடி.
டேப்பை நீட்டிப் பார்த்தான். ஒன்பதே முக்கால்.
"எதை நம்பப் போகிறாய்?"
"ஆயிரத்து இருநூறு டாலரை."

அன்றிரவு ஒரு ஹெலிகாப்டர்
சமையலறை வழியாக நுழைந்து
அவர்கள் தலைக்கு மேல் நின்று சுற்றியது.
சோபா அதிர்ந்தது.
அதிலிருந்து குதித்தவன் என்ன சொன்னான் என்று
இரண்டு பேருக்கும் கேட்கவில்லை.
சப்டைட்டில் போட்டுக்கொண்டார்கள்.

காலையில் அடுப்படித் தரையில் கால் வழுக்கியது.
உருகிய ஐஸ்கிரீம், மீன் வாடை.
ஃபிரிட்ஜ்
இன்னும் அமைதி காத்துக்கொண்டிருந்தது.